அந்தப் பெண்களின் வயது என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கொஞ்சம் நீளமான கடிதம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்கள் எடுக்கும் ஹார்மோன் சிகிச்சை (உடலில் குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பது) பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகளை மூன்று வருடமாக வெட்டி ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். ஹார்மோன் எடுத்தால் டிமென்ஷியா, அதாவது நினைவும் புத்தியும் தேய்ந்துபோகும் நோய், வரும் என்கிறது ஒன்று. ஹார்மோன் எடுத்தால் அல்சைமர், அதாவது டிமென்ஷியாவிலேயே அதிகம் பேருக்கு வரும் வகை, வராது என்கிறது இன்னொன்று. சில சமயம் இரண்டுக்கும் நடுவில் சில மாதம்தான் இடைவெளி. ஆனால் ஆய்வில் இருந்த பெண்களுக்கு என்ன வயது, எந்த மருந்து கொடுத்தார்கள், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பது பெரும்பாலானவற்றில் இல்லை. அந்த விவரம் தெரியாததால் நான் பதினோரு மாதம் ஒழுங்காகத் தூங்காமல் கிடந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இப்போது 52 வயது. 28 வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. ஒரு தாளில் இருக்கும் தொகையைப் பார்த்து, அது அடுத்த தாளில் அப்படியே ஏறியிருக்கிறதா என்று சரிபார்ப்பது என் அன்றாட வேலை. ஏழு இலக்க எண்ணாக இருந்தாலும் ஒரு பார்வை போதும், கண் இந்தத் தாளிலிருந்து அந்தத் தாளுக்குப் போய்ச் சேரும்வரை எண் தலையில் நிற்கும். 49 வயதில் ஒரு நாள் அது நிற்கவில்லை. நான்கு ஏழு இரண்டு என்று மனதில் சொல்லிக்கொண்டே கண்ணைத் திருப்புகிறேன், அதற்குள் எண் கரைந்துவிட்டது. மறுபடி பார்த்தேன், மறுபடியும் போய்விட்டது. கடைசியில் வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்தது போல ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டேன். பக்கத்து மேசைக்காரரின் பெயர் தொண்டை வரை வரும், வெளியே வராது. பாதி வாக்கியம் "அது... அந்த... அதை எடுங்க" என்றுதான் முடியும்.

இரவு அதைவிட மோசம். மூன்று மணி வாக்கில் நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், உச்சந்தலை வரை ஏறும். வியர்வையில் தலையணை நனைந்துவிடும். திருப்பிப் போட்டுப் படுத்தால் ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கமும் நனைந்துவிடும். அப்புறம் குளிர ஆரம்பிக்கும். ஒரே இரவில் நாலைந்து முறை இப்படி.

என் பயம் வேறு இடத்தில் இருந்தது. அம்மாவுக்கு 71 வயதில் டிமென்ஷியா என்று சொன்னார்கள். அம்மா வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதி வைக்கிறவர். அவர் எழுதிய கடைசி நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் ஒரே பக்கத்தில் "மின்கட்டணம் கட்டியாச்சு" என்று பதினோரு முறை, ஒன்றின் கீழ் ஒன்றாக, அதே அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் எண் நழுவிய அன்று மாலை வீட்டுக்கு வந்து நான் முதலில் எடுத்துப் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்.

முதலில் பார்த்த மருத்துவரிடம் வியர்வை, தூக்கம், மறதி மூன்றையும் சொன்னேன். ஹார்மோன் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டேன். "வேண்டவே வேண்டாம்மா, டிமென்ஷியா வந்துடும், உங்க அம்மாவுக்கு வேற இருந்திருக்கு" என்று சொல்லி, வயதானால் எல்லோருக்கும் இருப்பதுதான், பழகிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எங்கேயோ படித்த தலைப்பைத்தான் சொன்னார். அதே தலைப்பு என் ஃபைலிலும் இருக்கிறது.

அந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதில் கர்ப்பப்பை இருக்கும் 16,608 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டின் ஒன்றும் சேர்ந்த மாத்திரையையும், மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று 2002 ஜூலையில் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையை விட்டார்கள், மருத்துவர்கள் எழுதித் தருவதை விட்டார்கள். எவ்வளவு கூடியது? ஒரு வருடத்தில் 10,000 பேருக்கு என்று பார்த்தால், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30 பேர், மருந்து எடுத்தவர்களில் 38 பேர். எட்டுப் பேரும் எட்டு உயிர்கள், சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலைப்பை மட்டும் படித்தவர்கள் மனதில் பதிந்தது எட்டு என்ற எண் இல்லை, மாத்திரை போட்டால் புற்றுநோய் என்ற நினைப்புதான். அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனவர்கள்தான் பெரும்பாலும்.

டிமென்ஷியா பற்றிய செய்தி அதன் கிளை ஆய்வு ஒன்றிலிருந்து 2003 மே மாதம் வந்தது. அதில் இருந்த 4,532 பெண்களும் சேரும்போதே 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். சுமார் நான்கு வருடத்தில் 61 பேருக்கு டிமென்ஷியா வந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 40 பேர், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 21 பேர். இரண்டு மடங்கு என்பது உண்மைதான். 65 வயதுக்கு மேல் புதிதாக அந்த மாத்திரையை ஆரம்பிக்கக் கூடாது என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஆனால் 50 வயதில், இரவெல்லாம் வியர்த்து எழுந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அது என்ன சொல்கிறது? அவள் அந்த ஆய்வில் இல்லவே இல்லை. அவளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வயதுப் பெண்களை வைத்தும் ஆய்வு நடந்திருக்கிறது, அதைத்தான் பத்திரிகைகள் விட்டுவிடுகின்றன. கீப்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் ஆய்வில், மாதவிடாய் நின்று மூன்று வருடத்துக்குள் இருந்த 727 பெண்களுக்கு நான்கு வருடம் ஹார்மோனோ வெற்று மருந்தோ கொடுத்து, அவர்களில் பெரும்பாலானவர்களின் நினைவாற்றலைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். வித்தியாசம் இல்லை. கெடுதலும் இல்லை, லாபமும் இல்லை. சுமார் பத்து வருடம் கழித்து அவர்களில் ஒரு பகுதியினரைத் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள், அப்போதும் வித்தியாசம் இல்லை. எலீட் என்ற இன்னொரு ஆய்வு, மாதவிடாய் நின்று ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களையும் பத்து வருடத்துக்கு மேல் ஆனவர்களையும் தனித்தனியாகப் பார்த்தது. அதிலும் நினைவாற்றல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு நிம்மதியும் ஏமாற்றமும் சேர்ந்தே வந்தன. பயப்பட வேண்டாம் என்பது நிம்மதி. இது அம்மாவுக்கு வந்ததை எனக்கு வராமல் தடுக்கும் மருந்து இல்லை என்பது ஏமாற்றம். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஒன்றை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஹார்மோன் மருந்துகளின் மேல் கட்டம் போட்டு அச்சடித்திருந்த எச்சரிக்கைகளில் இதயநோய், மார்பகப் புற்றுநோய், டிமென்ஷியா பற்றியவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. 65 வயதுக்காரர்களின் கணக்கை 50 வயதுக்காரர்களின் அட்டையில் ஒட்டியிருந்தது தவறு, அதை எடுப்பது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கூடவே, சீக்கிரம் ஆரம்பித்தால் அல்சைமர் குறையும் என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. அந்தப் பேச்சுக்கு ஆதாரம் மருந்தையும் வெற்று மருந்தையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள் இல்லை. யார் தாமாகவே ஹார்மோன் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று பிற்பாடு எண்ணிப் பார்த்த ஆய்வுகள். தாமாகப் போய் மருத்துவரைப் பார்த்து, கேட்டு வாங்கி, வருடக்கணக்கில் தொடர்ந்து எடுக்கிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள், ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு டிமென்ஷியா குறைவாக வந்தால் அது மாத்திரையாலா, மற்றதாலா? அதே மாதிரி எண்ணிப் பார்த்த டென்மார்க் ஆய்வு ஒன்று 2023-ல் நேர் எதிராக, ஹார்மோன் எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா அதிகம் என்று சொன்னது. அங்கே தூக்கமும் வியர்வையும் தாங்க முடியாமல் போனவர்கள்தான் மருந்து கேட்டு வந்திருக்கலாம், அவர்கள் உடல் முன்பே வேறாக இருந்திருக்கலாம். இந்த வகை ஆய்வை வைத்து இரண்டு பக்கமும் தலைப்பு எழுத முடியும். எழுதியும் இருக்கிறீர்கள்.

அப்படியென்றால் என் தலையிலிருந்து எண் நழுவியது ஏன்? இதைத்தான் யாரும் சொல்வதே இல்லை. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பைக்கு மட்டும் வேலை செய்யும் பொருள் இல்லை. மூளையில் நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸிலும், ஒரு விஷயத்தைச் சில நொடி மனதில் தாங்கிப் பிடிக்கும் மூளையின் முன்பகுதியிலும் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் அது சீராகக் குறைவதில்லை, ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் சரியும். அமெரிக்காவில் 1990-களில் ஆரம்பித்துப் பல வருடம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் என்ற ஆய்வு இருக்கிறது. அதில் 2,362 பெண்களை நான்கு வருடம் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதினால் யாருக்கும் மதிப்பெண் கொஞ்சம் ஏறும், பழக்கம்தான். மாதவிடாய் தாறுமாறாகி நிற்கப் போகும் அந்தக் கட்டத்தில் மட்டும் அது ஏறவில்லை. முழுக்க நின்ற பிறகு மறுபடி ஏற ஆரம்பித்தது. அதாவது, பெரும்பாலானவர்களுக்கு இது கடந்து போகிற ஒரு கட்டம். பெயர் மறப்பது, சொல் வராமல் நிற்பது எல்லாம் இருக்கும், ஆனால் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் இயல்பான எல்லைக்குள்தான் இருக்கும். டிமென்ஷியாவின் வாசற்படி இல்லை இது. இந்த ஒரு விஷயத்தை 49 வயதில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், அம்மாவின் நோட்டை அத்தனை இரவு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இரவில் நாலைந்து முறை எழுந்தவளுக்குப் பகலில் எண் நிற்காது என்பதும் இருக்கிறதே. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிதான் உடலின் சூட்டைச் சமமாக வைப்பது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அங்குள்ள நரம்புச் செல்கள் கட்டுக்கடங்காமல் துடித்து, சூடே இல்லாதபோதும் சூடு என்று நினைத்து வியர்வையைத் திறந்துவிடுகின்றன. அது மூளையிலிருந்து வருகிறது, மனப்பிரமை இல்லை. அந்தச் செல்களையே நேரடியாக அடக்கும் ஹார்மோன் அல்லாத மாத்திரை ஒன்று, ஃபெசோலினெட்டன்ட், 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரலைச் சோதித்துக்கொண்டே எடுக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்து ஹார்மோன் எடுக்க முடியாதவர்களும் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம், கதவு முழுக்க அடைந்துவிடவில்லை.

நான் போன இரண்டாவது மருத்துவர் என்னிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். ரத்தம் கட்டியதுண்டா, பக்கவாதம் வந்ததுண்டா, மார்பகப் புற்றுநோய் இருந்ததா, காரணமில்லாத ரத்தப்போக்கு உண்டா என்று ஒவ்வொன்றாக. தைராய்டும் வைட்டமின் பி12-ம் பார்க்கச் சொன்னார், இரண்டும் குறைந்தாலும் இதே மறதி வருமாம். தூக்கத்துக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றார். நான் சளிக்குத் தரும் மாத்திரையில் பாதியைத் தூக்கத்துக்காகப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை முதலில் நிறுத்தச் சொன்னார். தூக்கம் வர வைக்கும் அந்த வகை அலர்ஜி மாத்திரைகளும், அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் போன்றவையும் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருளைத் தடுப்பவை, நினைவுக்கு அது வேண்டும் என்றார். ஐம்பது வயதுக்கு மேல் இந்த இரண்டு தொந்தரவுக்கும் எத்தனை பேர் இப்படிக் கையில் கிடைத்ததை வாங்கிப் போடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். மறதிக்குப் பயந்து தூக்க மாத்திரை, தூக்க மாத்திரையால் மறதி.

அப்புறம்தான் ஹார்மோன் எழுதினார். தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல். வாய்வழி மாத்திரையைப் போல ரத்தம் கட்டும் ஆபத்தை இது கூட்டுவதில்லை. கர்ப்பப்பை இருப்பதால் அதன் உட்சுவரைக் காக்கப் புரோஜெஸ்டிரோன் இரவில். எழுதிக்கொண்டே சொன்னார்: "இது உங்க வியர்வைக்கும் தூக்கத்துக்கும். எலும்புக்கும் நல்லது. மூளையைக் காப்பாத்தும்னு நான் தரல, அப்படிச் சொன்னா உங்களை ஏமாத்துறதா ஆயிடும்." 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் ஆரம்பித்தால், தொந்தரவு உள்ள, வேறு தடை இல்லாத பெண்ணுக்கு நன்மைதான் அதிகம் என்பது மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்றல் பற்றிய மருத்துவச் சங்கங்களின் நிலை. டிமென்ஷியாவைத் தடுப்பதற்காக மட்டும் தர வேண்டாம் என்பதும் அவர்கள் நிலைதான். ஆறு வாரத்தில் தலையணை காய்ந்தபடி இருந்தது. எண்கள் திரும்பி வந்தன, முழுக்க இல்லை, ஆனால் விரல் வைக்காமல் ஒப்பிட முடிகிறது. ஜெல்லாலா, தூக்கத்தாலா, அந்தச் சளி மாத்திரையை நிறுத்தியதாலா, கட்டம் கடந்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், இது அம்மாவைப் பற்றியது, எழுதத்தான் வேண்டும். அம்மாவுக்கு 41 வயதில் கர்ப்பப்பையில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். கர்ப்பப்பையோடு சினைப்பை இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கட்டி சினைப்பையில் இல்லை. எதற்கு எடுத்தார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது, கேட்கவும் தெரியாது, பழைய காகிதங்களைப் பார்த்துத்தான் எனக்கே போன வருடம் தெரிந்தது. இயற்கையாக மாதவிடாய் நிற்க வேண்டிய வயதுக்கு எத்தனையோ வருடம் முன்னால், ஒரே நாளில் ஈஸ்ட்ரோஜன் நின்றுவிட்டது. ஈடாக எதுவும் தரவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 2007-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சீக்கிரம் சினைப்பை எடுக்கப்பட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் நினைவுக் குறைபாடும் டிமென்ஷியாவும் அதிகம் என்று கண்டார்கள். எவ்வளவு சிறிய வயதில் எடுத்தார்களோ அவ்வளவு அதிகம். 50 வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை. இதுவும் எண்ணிப் பார்த்த ஆய்வுதான், அம்மாவுக்கு அதனால்தான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் 45 வயதுக்குள் சினைப்பையை இழக்கிற பெண்ணுக்கு, வேறு தடை இல்லையென்றால், இயற்கையாக நிற்கும் வயது வரை, சுமார் 51 வரை, ஹார்மோன் தர வேண்டும் என்பது இன்று மருத்துவ வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் அதை முக்கியமாகச் சொல்கிறார்கள். பயத்தைக் கிளப்பும் தலைப்புகள் இந்தப் பெண்களையும் சேர்த்துத்தான் பயமுறுத்துகின்றன, அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

அம்மாவுக்குக் காது கேட்பதும் 60 வயதிலிருந்தே குறைந்துகொண்டு வந்தது. கருவி வாங்கிக் கொடுத்தோம், போட மாட்டேன் என்றார், நாங்களும் விட்டுவிட்டோம். டிமென்ஷியா பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் கிட்டத்தட்ட 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காது கேளாமை அதில் பெரிய காரணங்களில் ஒன்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, பார்வைக் குறைவு, தனிமை, உடல் அசையாமல் இருப்பது எல்லாம் இருக்கின்றன. ஹார்மோன் அந்தப் பட்டியலில் இல்லை. நான் இந்த வருடம் காதைச் சோதித்துக்கொண்டேன், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன். அம்மாவிடம் அந்தக் கருவிக்காக இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் மனதில் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உங்கள் மருத்துவப் பக்கத்தைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிற பெண்கள் இருக்கிறார்கள், 68 வயதில் போய் ஆரம்பித்துத் தரச் சொல்லிக் கேட்கிற பெண்களும் இருக்கிறார்கள். சிலருக்கு அந்தப் பக்கம்தான் முதல் மருத்துவர். அடுத்த முறை இப்படி ஒரு ஆய்வுச் செய்தி வரும்போது, மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வா, பிற்பாடு எண்ணிப் பார்த்த ஆய்வா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரண்டு மடங்கு என்று எழுதினால் எத்தனை பேரில் எத்தனை பேர் என்றும் எழுதுங்கள். மாத்திரையா, ஜெல்லா, எந்த ஹார்மோன் என்று கேட்டுப் போடுங்கள். இடம் இல்லையென்றால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு, அந்தப் பெண்களின் வயதை மட்டுமாவது தலைப்புக்குக் கீழே போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி